மூன்றாம் குழிக்குப் போன பின்னூட்டங்கள்

கருத்தரங்கில் போர்த்திய பொன்னாடையைக் கழற்றாமலேயே ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தேன். தெருவில் நாலு பேர் பார்க்கட்டுமே என்ற ஆசைதான், பொய் சொல்வானேன். மத்தியான வெயிலில் தெருவில் நின்றவை இரண்டு மாடுகள். அவையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

என் பெயர் கோமதிநாயகம். திருநெல்வேலியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மீண்டும் ஆசிரியர், செவ்வாய்க் கிரகத்துப் பிள்ளைகளுக்கு. இதைச் சொல்லும்போது என் குரல் தானாகவே கொஞ்சம் தடிக்கும். அதற்காக மன்னிக்க வேண்டும்.

செவ்வாயில் நிலத்தடிப் பனியை வெட்டி எடுக்கிற இடத்துக்கு மூன்றாம் குழி என்று பேர். அங்கே வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்களில் ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய்மொழிப் பாடம் உண்டு என்று சொல்லித்தான் நிறுவனம் ஆட்களைச் சேர்த்தது. கணக்கும் அறிவியலும் அங்கேயே இயந்திரம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. தமிழுக்கு மட்டும் மனிதன் வேண்டுமென்று விளம்பரம் வந்தது. கடுமையான போட்டிக்குப் பிறகு தேர்வானேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பித்தது நான் ஒருவன்தான்.

நேரடி வகுப்பு நடக்காது. இங்கே ‘வணக்கம் குழந்தைகளே’ என்று நான் சொல்லி, அங்கிருந்து ‘வணக்கம் ஐயா’ திரும்பி வருவதற்குள் இரண்டு காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம். அதனால் வலைப்பூ. உலகமே கைகழுவிய அந்தச் சமாச்சாரத்தை விடாப்பிடியாக எழுதிக்கொண்டிருந்தவன் நான். ‘மொழியருவி’ என்பது என் வலைப்பூ. அதற்கு வாசகர்கள் இரண்டு பேர். ஒருவர் நான். மற்றவர் யாரென்று தெரியவில்லை. என் மனைவி வடிவு, தான் இல்லை என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்திருக்கிறாள்.

ஏழு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பக்கம் திறந்து கொடுத்தேன். வாரம் ஒரு தலைப்பு. எழுதுவார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பார்கள். நான் பின்னூட்டம் இடுவேன். ‘தாளில் எழுதுகிற பிள்ளை மார்க்குக்காக எழுதுகிறது, வலைப்பூவில் எழுதுகிற பிள்ளை ஓர் ஆளுக்காக எழுதுகிறது’ என்று கருத்தரங்கில் நான் சொன்னபோது பின்வரிசையில் இருந்தவர்கள் கூடக் கைதட்டினார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறகு ஏழாம் வகுப்பு ஷர்மிதா எழுதிய ‘எங்கள் வீடு’ கட்டுரையை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அதற்குத்தான் பொன்னாடை.

“அவங்களுக்கு வாசிச்சீங்கல்லா, எனக்கும் வாசிங்க,” என்றாள் வடிவு, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்தவள் அவள். மனுவில் மூன்று வரிக்கு மேல் போனால் படிக்க மாட்டாள், வெட்டுவாள். அவளே கேட்கிறாள் என்றதும் எழுந்து நின்று வாசித்தேன்.

‘சின்னஞ்சிறு கூடு எங்கள் இல்லம். அங்கே மாலைத் தென்றல் தாலாட்ட, என் தம்பி தருண் மலர்மொட்டென இமை மூடித் துயில்கிறான். அவன் துயிலும் அழகைக் காணக் கண் கோடி வேண்டும் என்றால் அது மிகையாகாது.’

நிமிர்ந்து பார்த்தேன். வடிவு கீரையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது நீங்க எழுதினதுல்லா.”

“ஷர்மிதா எழுதினது. பன்னிரண்டு வயசு.”

“பன்னெண்டு வயசுப் பிள்ளை ‘என்றால் அது மிகையாகாது’ன்னு எழுதுமா? கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குப் போட்ட மெயில்ல நீங்க அப்படித்தான் எழுதியிருந்தீங்க. எங்க அப்பா அதைப் படிச்சுட்டு, மாப்பிள்ளை ஏதோ கட்சியில பேச்சாளரா இருக்காரான்னு கேட்டாங்க.”

“மாணவி ஆசிரியரின் நடையைப் பின்பற்றுகிறாள். இதில் என்ன ஆச்சரியம்?” எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

“சரி, செவ்வாயில தென்றல் எங்க அடிக்குது? அதுங்க பூமிக்கடியில குகையில இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

கற்பனை, அணி, மரபு என்று ஒரு விளக்கம் தொடங்கினேன். அதற்குள் அவள் கையைத் துடைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளின் பக்கங்களைத் திறந்துவிட்டாள். ஆசிக் என்ற பையனின் கால்பந்துக் கட்டுரையிலும் ‘மிகையாகாது’ இருந்தது. பெனிட்டா என்ற பெண் அம்மாவின் பிறந்தநாளைப் பற்றி எழுதியதிலும் இருந்தது. பெனிட்டாவின் அம்மாவுக்கும் தென்றல் வாழ்த்துச் சொல்லியிருந்தது.

“ஏழு பிள்ளையும் ஒரே பிள்ளை மாதிரியில்லா எழுதுது,” என்றாள் வடிவு. “அதுவும் அறுபது வயசுப் பிள்ளை.”

ஆத்திரமாக வந்தது. அவள் சொன்னதில் தவறில்லை என்பதால் இன்னும் ஆத்திரமாக வந்தது.

இது எப்படி என்று கேட்க மறுநாள் காலை இருவரும் பஸ் பிடித்துத் தரைநிலையத்துக்குப் போனோம். செவ்வாயோடு பேசுகிற பெரிய பெரிய கிண்ணங்கள் வானத்தைப் பார்த்து நிற்கிற இடம். அங்கே பள்ளித் தகவல்களைக் கவனித்துக்கொள்வது செலின் என்ற பொறியாளர், தூத்துக்குடிப் பெண். மாதம் ஒருமுறை போனில் பேசுவோம். அவள் பேசுவதைவிட நான் பேசுவது அதிகம். வடிவு விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள்.

“ஆமா மேடம், அது அப்படித்தான்,” என்றாள் செலின், எதுவும் நடக்காததுபோல. “குழிக்கும் நமக்கும் நடுவுல இருக்கிற லைன் ரொம்பக் குறுகல். சுரங்கத்துத் தகவலுக்கே பத்தாது. அதனால பிள்ளைங்க எழுதுறது எதுவும் முழுசா வராது. அங்க ஒரு மெஷின் படிச்சுட்டு சாரத்தை மட்டும் அனுப்பும். இங்க ஒரு மெஷின் அதைத் திரும்ப விரிச்சு எழுதும். நாங்க விரிப்பான்னு சொல்லுவோம்.”

“விரிச்சுன்னா? அது எப்படித் தெரிஞ்சு எழுதும்?” என்றேன்.

“நடைக்கு ஒரு மாதிரி வேணும்ல சார். இந்த வகுப்போட இணைஞ்ச தமிழ் எழுத்து எதுன்னு தேடிச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது. மொழியருவி. ஒரு பதிவு விடாம படிச்சிருக்கு.”

என்னுடைய இரண்டாவது வாசகர் யாரென்று அப்போது தெரிந்தது.

என் ஏழு மாணவர்களின் பக்கங்களிலும் இத்தனை நாள் நான் மெச்சிக்கொண்டிருந்தது என்னைத்தான். ‘உன் எழுத்தில் ஒரு முதிர்ச்சி தெரிகிறது’ என்று ஆசிக்குக்கு ஒரு பத்தி எழுதியிருந்தேன். முதிர்ச்சிக்கு என்ன, வருகிற தையில் அறுபத்தொன்று முடிகிறது. வடிவு சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை?”

“வீட்டுக்கு வர்ற கடிதத்துக்கும் இதே ஏற்பாடுதான் சார், யாரும் கேட்டதில்ல. நீங்க ஒவ்வொரு வாரமும் அவ்ளோ பாராட்டுனீங்களா, சந்தோஷமா இருக்கீங்கன்னு விட்டுட்டோம்.”

“அந்த ஷர்மிதா எழுதினதோட சாரம் இருக்கா? விரிக்கிறதுக்கு முன்னாடி வந்தது?” என்று வடிவு கேட்டாள்.

செலின் தேடி எடுத்துத் திரையில் போட்டாள். மொத்தம் ஒரு வரி.

‘வீடு. சிறியது. இரவில் காற்று இல்லை. தம்பி தூங்குகிறான். எழுப்புவது கடினம். தலைவலி.’

‘காற்று இல்லை’ என்பதைத்தான் தென்றலாக்கி நான் மேடையில் வாசித்திருக்கிறேன்.

“காத்துன்னு வந்தா உங்க பதிவுல எப்பவும் தென்றல்தான் சார்,” என்றாள் செலின். அவள் குரல் இறங்கியிருந்தது. “தலைவலின்னு உங்க பதிவு எதுலயும் ஒரு வார்த்தை கூடக் கிடையாது. அதனால அதுக்கு எழுதத் தெரியல, விட்டிருச்சு.”

பதினான்கு வருட வலைப்பூ. நிலா, பனித்துளி, தமிழின் தொன்மை, மழலையின் சிரிப்பு. இத்தனை எழுதியவன் ஒரு நாள்கூட எனக்குத் தலை வலிக்கிறது என்று எழுதவில்லை. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, மாதம் இரண்டு முறை வரும். வலைப்பூவில் போடுகிற சங்கதியா அது என்று நினைத்திருந்தேன்.

“மத்தப் பிள்ளைங்களோடதையும் போடும்மா,” என்றாள் வடிவு.

ஆசிக்: ‘கால்பந்து. தோற்றோம். ஓட முடியவில்லை. தலைவலி.’ பெனிட்டா: ‘அம்மா பிறந்தநாள். கேக். அம்மாவுக்குத் தலைவலி, வாந்தி.’ முந்தைய வாரத்தை எடுத்தோம். அதற்கு முந்தைய வாரத்தை எடுத்தோம். தலைப்பு என்னவாக இருந்தாலும் ஏழில் ஐந்து பக்கத்தில் தலைவலி இருந்தது. ‘நான் விரும்பும் பறவை’ என்ற கட்டுரையில்கூட இருந்தது.

செலின் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “இது காத்துப் பிரச்சினை சார். மூச்சு விட்ட காத்து வெளிய போகாம அறையிலேயே தங்கினா இப்படித்தான் வரும். தலைவலி, வாந்தி, தூக்கம். அப்புறம்...” அவள் முடிக்கவில்லை. சுரங்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள்.

பேசிய அதிகாரிக்குப் பொறுமை இருந்தது, நேரம் இல்லை. குடியிருப்பில் காற்றை அளக்கிற கருவிகள் எல்லாம் பச்சை காட்டுகின்றன என்றார். சுவரைத் திறந்து பார்க்க வேண்டுமானால் ஒரு ஷிஃப்டையே நிறுத்த வேண்டும் என்றார். “ஒரு மெஷின் சுருக்கி எழுதின ஒத்தை வார்த்தையை வச்சுக்கிட்டு ஷிஃப்டை நிறுத்த முடியாதும்மா. பிள்ளைங்க என்ன சொன்னாங்கங்கிறதை அவங்க வாயால வாங்குங்க, பாக்கலாம்.”

“முழுப் பதிவையும் எடுக்கலாம்,” என்றாள் செலின் போனை வைத்துவிட்டு. “ஆனா அனுமதி வர ரெண்டு மூணு நாள் ஆகும். ஒரே ஒரு வழி இருக்கு. எட்டு வார்த்தைக்குள்ள இருந்தா மெஷின் கை வைக்காது, அப்படியே போகும், அப்படியே வரும். சார், நீங்க ஒரு பின்னூட்டம் எழுதுங்க. இப்ப அங்க பள்ளிக்கூட நேரம்தான்.”

எட்டு வார்த்தை. என் பின்னூட்டங்களில் விளிச்சொல்லுக்கே எட்டு வார்த்தை ஆகும். பேனாவும் தாளும் வாங்கி உட்கார்ந்தேன். ‘என் அன்பிற்கினிய மாணவக் கண்மணிகளே’ என்று எழுதினேன். வடிவு பேனாவைப் பிடுங்கி அதை அடித்தாள். ‘உங்கள் உடல்நலம் குறித்து அறிய அவாவுகிறேன்’ என்று எழுதினேன். அதையும் அடித்தாள்.

“அவாவாம், அவா. அந்தப் பிள்ளை அங்க மூச்சு முட்டிக்கிட்டு கெடக்கு,” என்றாள். முப்பது வருடத்தில் அவள் இப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. “பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட எப்படிக் கேப்பீங்களோ அப்படிக் கேளுங்க.”

எழுதினேன். ‘தலை வலிக்குதா? யாருக்கெல்லாம்? எங்க இருக்கும்போது? எட்டே வார்த்தையில்.’ செலின் எண்ணிப் பார்த்து அனுப்பினாள். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் பச்சைத் தமிழ் அதுதான்.

பிறகு காத்திருந்தோம். போவதற்கு ஒரு காபி நேரம், வருவதற்கு ஒரு காபி நேரம். கேண்டீனிலிருந்து காபி வந்தது, யாரும் குடிக்கவில்லை. தம்பி தூங்குகிற அழகுக்கு அத்தனை பேர் கைதட்டினார்களே என்பதே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பையனுக்கு நாலு வயது.

விரிப்பானை செலின் நிறுத்தி வைத்திருந்தாள். பதில்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. என் மாணவர்களின் குரலை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

ஆசிக்: ‘ஆமா சார். வீட்ல மட்டும். காலைல ரொம்ப.’

பெனிட்டா: ‘எனக்கும் அம்மாக்கும். கிளாஸ் வந்தா சரியாயிரும்.’

இன்னும் இரண்டு பேர் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். எல்லாம் ஒரே வரிசை வீடுகள் என்றாள் செலின், வரைபடத்தைப் பார்த்து. கடைசியாக ஷர்மிதாவினுடையது வந்தது.

‘தருண் இன்னிக்கு எந்திரிக்கல சார். வீட்ல தனியா இருக்கான்.’

செலின் போனைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. திரையில் இருந்ததைத் தன் கைப்பலகையில் வாங்கிக்கொண்டு, அதே கட்டிடத்தில் இருந்த கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். அறுபது வயதில் நானும் பின்னால் ஓடினேன். ஓடி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை, உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்த அதிகாரி பதில்களை ஒருமுறை படித்தார். ‘வீட்ல மட்டும்’ என்பதில் விரலை வைத்தார். பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் ஒலிவாங்கியை இழுத்து, வேலையை நிறுத்தச் சொல்லி, அந்த வரிசையின் எல்லாக் கதவுகளையும் திறக்கச் சொல்லி உத்தரவு போட்டார்.

அந்த உத்தரவும் மற்றெல்லாவற்றையும் போல நிதானமாகத்தான் போய்ச் சேர வேண்டும். அவசரம் என்பதற்காக ஒளி வேகமாகப் போவதில்லை. பின்னாலேயே வந்துவிட்ட வடிவு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செலின் சுவரைப் பார்த்து ஜெபித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு பாசுரம்கூட நினைவுக்கு வரவில்லை. ‘எந்திரிடா, எந்திரிடா’ என்றுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்துவிட்டான். மருத்துவ அறையில் மூக்கில் குழாய் வைத்த பிறகு கண் திறந்து, பிஸ்கட் கேட்டானாம். செய்தி வந்தபோது அதிகாரி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

காரணம் மறுநாள் தெரிந்தது. அந்த வரிசை வீடுகளின் படுக்கை அறைச் சுவருக்குப் பின்னால் இருந்த காற்றுக் குழாயைச் செவ்வாயின் மாவுப் புழுதி அடைத்திருந்தது. அளக்கிற கருவியை யாரோ வசதி பார்த்து நடைபாதையில், மின்விசிறிக்கு நேர் எதிரில் மாட்டியிருக்கிறார்கள். “அந்தக் கருவிக்கு மட்டும் நல்ல காத்து சார்,” என்றாள் செலின். அதனால் அது பச்சை காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பெரியவர்கள் பகல் முழுதும் கவச உடையில், தனிக் காற்றில் வேலை செய்தார்கள். தலைவலியை வேலை அலுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் சொன்னபோது, திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் தலை வலிக்கத்தான் செய்யும் என்று எல்லா ஊர் அப்பா அம்மாவையும் போலச் சொல்லியிருக்கிறார்கள்.

நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. வருத்தத்தின் அடையாளமாக, ஒரு வாரத்துக்குப் பள்ளிப் பதிவுகள் சுருக்கப்படாமல், விரிக்கப்படாமல், இருபக்கமும் முழுசாகப் போகலாம் என்று அனுமதித்தது. என் மனம் உடனே ஒரு பிரிவுபசாரச் சொற்பொழிவின் அளவுக்குத் திட்டம் போட ஆரம்பித்தது. திருந்துகிற ஜன்மம் இல்லை. ‘குழந்தைகளே, இத்தனை காலம் நான் உங்களுக்கு எழுதிய பின்னூட்டங்களை எல்லாம்’ என்று தொடங்கி இரண்டு பத்தி எழுதிக்கூட வைத்தேன்.

அனுப்புவதற்குள் ஷர்மிதாவின் பதிவு வந்துவிட்டது. நான் தலைப்பு எதுவும் கொடுத்திருக்கவில்லை. அவளாகவே எழுதியிருந்தாள்.

‘சார், தருண் வீட்டுக்கு வந்துட்டான். வந்ததும் என் பென்சில உடச்சான். அதனால சரியாயிட்டான்னு தெரிஞ்சுது. வீட்ல இப்ப காத்து சத்தம் போடுது, முதல்ல தூக்கமே வரல, சத்தம் நின்னுருமோன்னு முழிச்சு முழிச்சு பாத்துட்டிருந்தேன். டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டம்னு அம்மாகிட்ட சொன்னாங்க. எனக்கு கேக்காதுன்னு நெனச்சாங்க.

அம்மா என்னய திட்டல. எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு. ஏன்னா நான் உங்ககிட்ட முதல்லயே சொன்னேன்ல சார். எங்கள் வீடு கட்டுரைல எழுதினேன். பறவை கட்டுரைலயும் எழுதினேன், பறவைக்கு தலை வலிக்குமான்னு. நீங்க எப்பவும் போடுற மாதிரி நன்று அப்படின்னு போட்டீங்க. நீங்க எங்க எல்லாருக்கும் அந்த ஒரு வார்த்ததான் போடுவீங்க. சார் ரொம்ப பேசாத ஆளு போலன்னு ஆசிக் சொல்வான். ரொம்ப பேசாதவங்க சொன்னா சரியா இருக்கும்னு பெனிட்டா சொல்வா.

அம்மா ஒரு தடவ பயந்தாங்க, தம்பி ஏன் இப்படி தூங்குறான்னு. நான்தான் சொன்னேன், சார்கிட்ட எழுதிட்டேம்மா, சார் நன்றுன்னு சொல்லிட்டாரு, ஒண்ணும் இருக்காதுன்னு. அதுக்கப்புறம் அம்மா கேக்கல.

ஒரு வாரத்துக்கு எவ்ளோ வேணா எழுதலாமாமே. இந்த தடவையாவது கொஞ்சம் பெருசா எழுதுங்க சார். நாங்க ஏழு பேரும் படிப்போம்.’

இரண்டு முறை படித்தேன். வாரந்தோறும் பத்தி பத்தியாக நான் எழுதி அனுப்பியதை இங்கிருந்த மெஷின் சுருக்க, அங்கே விரிக்க ஒன்றும் இல்லாமல், அந்த ஒரு சொல்லாகப் போய் இறங்கியிருக்கிறது. அவள் அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். எழுதி வைத்திருந்த இரண்டு பத்தியையும் அழித்தேன்.

வடிவு பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எழுதுங்க,” என்றாள். “நான் வெட்ட மாட்டேன்.”

ஐந்து நாள் ஆகிறது. அனுமதி முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. தினமும் காலையில் உட்காருகிறேன். ‘ஷர்மிதா’ என்று எழுதுகிறேன். அதற்கு அடுத்த வார்த்தை இன்னும் வரவில்லை.